வளரும் பெரிய இன நாய் நொண்டினால்: காரணத்தைத் தேடும் வழி, படிப்படியாக

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர், கிரேட் டேன் மாதிரியான பெரிய இனக் குட்டி இரண்டு வயதுக்குள் நொண்டத் தொடங்கினால், சுற்றி இருப்பவர்களிடமிருந்து இரண்டு பதில்தான் வரும். "வளர்ற வயசு, தானா சரியாயிடும்." "கால்சியம் பத்தல, டானிக் ஊத்துங்க." முதல் பதில் சில குட்டிகளுக்குப் பொருந்தும். இரண்டாவது, நல்ல குட்டித் தீவனம் தின்னும் நாய்க்குக் கெடுதலே செய்யும்.

இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட முடியாது. எந்தக் கால், அந்தக் காலில் எந்த இடம், என்ன வயது, எப்படி ஆரம்பித்தது என்ற நான்கையும் தெளிவாக்கிக்கொண்டு டாக்டரிடம் போக முடியும். நான்கும் தெரிந்தால், பத்துப் பதினைந்து காரணங்கள் இரண்டு மூன்றாகச் சுருங்கும். வரிசையை மாற்றாதீர்கள். எந்தக் கால் என்றே உறுதி செய்யாமல் இணையத்தில் நோய்ப் பெயர்களைத் தேடுவதில்தான் புதிதாக நாய் வளர்ப்பவர்கள் நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

## 0. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

வீடியோ எடுக்கும் போன், டார்ச், துணி தைக்கும் டேப், தெர்மாமீட்டர், ஒரு நோட்டு. நாயைப் பிடித்து நடக்க இன்னொரு ஆள். வலியில் இருக்கும் நாய் யாரையும் கடிக்கும், வீட்டுக் குழந்தை மாதிரி வளர்ந்த நாயானாலும் சரி. அதனால் வாய்க்கூடை ஒன்று இருக்கட்டும்.

நோட்டில் முதலில் எழுத வேண்டியது பிறந்த தேதி. "ஆறேழு மாசம் இருக்கும்" என்பது போதாது. இந்தப் பட்டியலில் உள்ள நோய்கள் பலவும் குறிப்பிட்ட வயதில்தான் தலைகாட்டும். ஓரிரு மாத வித்தியாசம் சில சிகிச்சைகளுக்கான கதவையே மூடிவிடும். அடுத்து எடை, தீவனத்தின் பெயர், தினமும் கொடுக்கும் அளவு, கூடவே கொடுக்கும் டானிக், மாத்திரை எல்லாம். உண்ணி மருந்து கடைசியாக என்றைக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## 1. உடனே கிளம்ப வேண்டிய நிலையா?

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மற்ற படிகளை விட்டுவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

காலைத் தரையில் ஊன்றவே இல்லை. கால் வளைந்தோ தொங்கிக்கொண்டோ இருக்கிறது. ஒரு மூட்டு வீங்கிச் சூடாக இருக்கிறது. நொண்டலோடு காய்ச்சலும் சாப்பாட்டு வெறுப்பும் சேர்ந்திருக்கின்றன. பின்னங்கால்கள் இரண்டும் தள்ளாடுகின்றன அல்லது இழுபடுகின்றன.

காரணம் இது. வளரும் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. வளர்ந்த நாய்க்கு ஜவ்வு கிழியும் அடி, குட்டிக்கு இந்தத் தட்டையே பெயர்த்துவிடும். குட்டியின் எலும்பு வேகமாகக் கூடும் என்பதால், கோணலாக இருந்தால் கோணலாகவே கூடிவிடும். நான்கு நாள் பார்த்துவிட்டுப் போனால் அறுவை சிகிச்சை கடினமாகிறது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பு அரித்துப்போகும்.

மூக்கைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைச் சொல்ல முடியாது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். நாயின் இயல்பான வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், அதாவது 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கு 101 என்றால் காய்ச்சல், நாய்க்கு அது இயல்பு. நாய்க்கு 103ஐத் தாண்டினால் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓடி விளையாடிய உடனே அளக்காதீர்கள்.

எலும்பு முறிந்த மாதிரி தெரிந்தால் குச்சி வைத்துக் கட்ட வேண்டாம். கட்டு நழுவி முறிவுக்குக் கீழே பாரமாகத் தொங்கினால் சேதம் கூடும். பெரிய துணியில் படுக்க வைத்து அப்படியே தூக்கிச் செல்லுங்கள்.

## 2. வலி மாத்திரையைத் தொடாதீர்கள்

பாராசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் மனிதருக்கானவை. நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுக்கும். குட்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் கொடுத்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது, டாக்டர் தன்னுடைய வலி மருந்தையோ ஸ்டீராய்டையோ உடனே கொடுக்க முடியாது. இரண்டும் சேர்ந்தால் குடலில் புண் வரும். ஏற்கெனவே எதையாவது கொடுத்துவிட்டீர்கள் என்றால் பெயரையும் நேரத்தையும் எழுதிவைத்து முதல் வேலையாக டாக்டரிடம் சொல்லுங்கள். தைலமும் வேண்டாம், நக்கிவிடும்.

## 3. எந்தக் கால் என்று உறுதி செய்யுங்கள்

எல்லோரும் அவசரப்பட்டுத் தாண்டிப்போகும் படி இது. அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான்.

வழுக்காத, மேடுபள்ளம் இல்லாத தரையில் நாயை நேர்க்கோட்டில் நடத்துங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் தலை அசைவு தெரியாது. முதலில் சாதாரண நடை, பிறகு மெதுவான ஓட்டம். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து என மூன்று வீடியோ. பக்கவாட்டு வீடியோவில் நாயின் தலையும் நான்கு பாதங்களும் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். பின்னர் வீடியோவின் வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பாருங்கள். மெதுவான ஓட்டத்தில் ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கப் பின்னங்காலும் மட்டுமே ஒரே நேரத்தில் பாரம் தாங்குவதால், நடையில் மறைந்திருந்த நொண்டல் வெளியே தெரியும்.

முன்னங்காலுக்குத் தலையைப் பாருங்கள். வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். வலிக்கும் காலிலிருந்து பாரத்தைத் தூக்கி நல்ல காலின் மேல் போடுகிறது, அவ்வளவுதான். புதியவர்கள் தலை 'சாயும்' பக்கத்தைப் பார்த்து அந்தக் காலைக் குற்றம் சொல்லிவிடுகிறார்கள். ஏழு மாத லாப்ரடார் ஒன்றை வைத்திருந்தவர் இடது கால்தான் என்று அடித்துச் சொன்னார். இடது பாதத்துக்குத் தினமும் ஒத்தடம் வேறு. வீடியோவை மெதுவாக ஓட்டினால், இடது பாதம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் தலை கீழே போகிறது, வலது பாதம் படும்போது காது இரண்டும் துள்ளும் அளவுக்குத் தலை தூக்குகிறது. வலி வலது முழங்கையில் இருந்தது.

பின்னங்காலுக்கு இடுப்பைப் பாருங்கள். பின்னாலிருந்து எடுத்த வீடியோவில் எந்தப் பக்க இடுப்பு அதிகமாக ஏறி இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் வலி. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பின்னங்கால் கடுமையாக வலித்தால், அது தரையில் படும்போது நாய் பாரத்தை முன்னே தள்ளத் தலையைத் தாழ்த்தும். மெதுவான ஓட்டத்தில் அது அதே பக்க முன்னங்கால் நொண்டல் மாதிரியே தோன்றும். ஆகவே தலை ஆடுகிறது என்றால், முன்னங்கால் என்று முடிவு செய்யும் முன் இடுப்பையும் பார்த்துவிடுங்கள்.

நொண்டலே தெரியாத நாயும் உண்டு. இரண்டு முழங்கையும் அல்லது இரண்டு இடுப்பு மூட்டும் ஒரே அளவு வலித்தால் எந்தப் பக்கம் சாயும்? சாயாது. அடி சின்னதாகும், சீக்கிரம் உட்கார்ந்துவிடும், படியேறத் தயங்கும். "சோம்பேறி", "சாது" என்று பெயர் வாங்கும் எட்டு மாதக் குட்டிகளில் சிலவற்றுக்கு உண்மையில் இரு பக்கமும் வலி. எட்டு மாதப் பெரிய இனக் குட்டி சாதுவாக இருந்தால் நான் சந்தேகப்படுவேன்.

எப்போது நொண்டுகிறது என்பதையும் எழுதுங்கள். தூங்கி எழுந்ததும் விறைப்பாக நடந்து, பத்தடி போனபின் சரியானால் மூட்டுப் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். திடீரென்று ஒரு நொடியில் ஆரம்பித்ததா, வாரக்கணக்கில் மெல்ல வந்ததா? இன்று ஒரு கால், அடுத்த வாரம் வேறு காலா? இந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் மிக முக்கியம், 6ஆம் படியில் தேவைப்படும்.

## 4. பாதத்திலிருந்து மேலே தடவிப் பாருங்கள்

நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். நல்ல காலில் தொடங்குங்கள். அந்த நாய்க்கு இயல்பான நிலை எப்படி என்று உங்கள் கைக்குத் தெரிய வேண்டும், அதுவும் பயம் தெளிய வேண்டும்.

பிறகு வலிக்கும் காலின் பாதம். டார்ச் அடித்து ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள்: முள், கண்ணாடித் துண்டு, விரலிடுக்கில் ஒட்டிய உண்ணி, வெடித்த பாத மெத்தை, சூட்டில் கொப்பளித்த தோல், வேரோடு பிளந்த நகம். உயரத்தில் இருக்கும் கட்டை விரல் நகத்தை மறந்துவிடாதீர்கள், அது வளைந்து சதைக்குள் குத்தியிருக்கும். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக மடக்கி நீட்டுங்கள். நொண்டலுக்கான மிக எளிய காரணங்கள் இங்கேதான் இருக்கின்றன. இதைப் பார்க்காமல் எக்ஸ்ரே வரை போய்த் திரும்பியவர்களும் உண்டு.

அடுத்து எலும்பு. இரண்டு மூட்டுகளுக்கு நடுவே, சதை குறைவாக உள்ள பக்கமாக, உங்கள் நக நுனி வெளுக்கும் அளவுக்கு எலும்பின் மேல் அழுத்திக்கொண்டே போங்கள். அதன்பின் மூட்டுகளை ஒவ்வொன்றாக, மெதுவாக மடக்கி நீட்டுங்கள். எலும்பின் நடுவில் வலியா, மூட்டில் வலியா என்று பிரித்தறிவதுதான் நோக்கம். தோளை முன்னோக்கி இழுக்கும்போது முழங்கையும் சேர்ந்து நீளும்; ஒரு நேரத்தில் ஒரு மூட்டை மட்டும் அசைக்கப் பாருங்கள்.

கத்தினால்தான் வலி என்று நினைக்காதீர்கள். உதட்டை நக்குவது, மூச்சிரைப்பு சட்டென்று நிற்பது, உங்கள் கையைத் திரும்பிப் பார்ப்பது, காலை மெல்ல உருவிக்கொள்வது எல்லாம் வலிதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்தால் அது வெறும் கூச்சமாக இருக்கலாம். வலித்த இடத்தை மறுபடி மறுபடி சோதிக்க வேண்டாம், ஒரு முறை போதும். இடுப்பு தளர்வாக இருக்கிறதா, முட்டி ஜவ்வு கிழிந்திருக்கிறதா என்ற சோதனைகளை வீடியோ பார்த்துச் செய்து பார்க்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டியவை அவை.

கடைசியாக, நாயை நிற்க வைத்து இரண்டு தொடைகளின் சுற்றளவையும் டேப்பால் ஒரே உயரத்தில் அளந்து எழுதுங்கள். ஒரு தொடை மெலிந்திருந்தால் அந்தக் காலை நாய் பல வாரங்களாகவே ஒதுக்கிவருகிறது என்று அர்த்தம். "நேத்துதான் ஆரம்பிச்சது" என்று நீங்கள் நினைத்தது தப்பாகிவிடும்.

## 5. காலையும் வயதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்

முன்னங்கால் என்றால் முதல் சந்தேகம் முழங்கை. நாய் தன் பாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்களில் தாங்குகிறது. முழங்கையில் மூன்று எலும்புகள் சரியாகப் பொருந்த வேண்டும். ஒன்று சற்றுக் குட்டையாகவோ நெட்டையாகவோ வளர்ந்தால், ஓரத்தில் உள்ள சிறு முனை நசுங்கிப் பிளக்கும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ராட்வீலர், பெர்னீஸ் மவுண்டன் நாய்களில் இது அதிகம். 5 முதல் 8 மாதத்துக்குள் ஆரம்பிக்கும். நிற்கும்போது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைக்கும். எழுந்ததும் நொண்டும், விளையாடிவிட்டுப் படுத்து எழுந்தால் இன்னும் மோசமாகும்.

ஜெர்மன் ஷெப்பர்டில் முழங்கையின் வேறொரு முனை, 20 வாரத்துக்குள் எலும்போடு ஒட்ட வேண்டியது, ஒட்டாமலேயே நின்றுவிடுவது உண்டு. 20 வாரத்துக்கு முன் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது பிரிந்து தெரிவதில் பயப்பட ஒன்றுமில்லை.

தோள்மூட்டில் குருத்தெலும்பின் ஒரு துண்டு அடியிலிருந்து பெயர்வது இன்னொரு காரணம். 4 முதல் 10 மாதம் வரை வரும், ஆண் குட்டிகளில் அதிகம். ஒரு கால்தான் நொண்டும், ஆனால் பல நாய்களுக்கு மறு தோளிலும் இருக்கும். அறுவை சிகிச்சைக்கு நன்றாக ஒத்துழைக்கும் நோய் இது. முழங்கை அந்த அளவுக்கு ஒத்துழைக்காது.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரண்டு கால்களிலும் வீக்கம், தொட்டால் சூடு, காய்ச்சல், எழுந்திருக்கவே மறுப்பு: இப்படி 2 முதல் 8 மாதத்துக்குள் இருக்கும் குட்டி வந்தால், வளரும் எலும்பு முனைகளில் ஏற்படும் கடும் அழற்சியாக இருக்கலாம். கிரேட் டேன், வைமரானர், பாக்ஸர் இனங்களில் பார்க்கலாம். இதைப் பொறுத்திருந்து பார்க்கக் கூடாது.

உயரத்திலிருந்து குதித்த குட்டி இரண்டு நாள் நொண்டிவிட்டுச் சரியாகிறது. ஓரிரு மாதம் கழித்து முன்னங்கால் வில்லாக வளையத் தொடங்குகிறது. முன்கையில் இரண்டு எலும்புகள் இணையாக வளர்கின்றன. அடியில் ஒன்றின் வளர்ச்சித் தட்டு நசுங்கி அதன் வளர்ச்சி நின்றால், மற்றது வளர்ந்துகொண்டே போய்க் காலை வளைக்கும். முதல் நாள் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம். எனவே பெரிய அடிக்குப் பிறகு, வாரம் ஒரு முறை நேர் எதிரிலிருந்து முன்னங்கால்களைப் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

பின்னங்கால் என்றால் இடுப்பு மூட்டு. கிண்ணத்துக்குள் பந்து ஆழமாக உட்காராமல் தளர்வாக ஆடுகிறது. இரு பின்னங்கால்களையும் சேர்த்து முயல் மாதிரித் தாவி ஓடும், எழும்போது முன்னங்கால்களால் உடம்பை இழுக்கும், நடையில் பின்புறம் பக்கவாட்டில் ஆடும். 5 முதல் 12 மாதத்துக்குள் முதல் வலி தெரியும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: ஒரு வயதை நெருங்கும்போது மூட்டைச் சுற்றி நாரும் தசையும் கட்டிப்பட்டு வலி குறைந்துவிடும். நோய் போய்விட்டது என்று நினைப்பார்கள். சில வருடங்கள் கழித்து மூட்டுத் தேய்வாகத் திரும்ப வரும்.

முட்டி ஜவ்வு கிழிவது வயதான நாய்க்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ராட்வீலர், லாப்ரடார், மாஸ்டிஃப் போன்றவற்றில் இரண்டு வயதுக்குள்ளேயே வரும். உட்காரும்போது ஒரு காலை மடக்காமல் வெளியே நீட்டி வைப்பது முக்கியமான அடையாளம். ஒரு முட்டி போனால் மறு முட்டியும் போகும் வாய்ப்பு கணிசமானது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்று நான்கு அடி காலைத் தூக்கிவிட்டு மறுபடி ஊன்றினால் முட்டிச் சில்லு நழுவுகிறதா என்று கேளுங்கள்.

எந்தக் காலிலும் வரக்கூடியவை என்றால், உண்ணி வழியாகப் பரவும் கிருமிகள் முதலில். மூட்டுகளில் அழற்சி, விட்டு விட்டுக் காய்ச்சல், வெளுத்த ஈறு, கால் மாற்றி நொண்டுதல். இரத்தப் பரிசோதனையில் தெரியும். எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் வயதான நாய்க்கு வருவது, ஆனால் 18 முதல் 24 மாத வயதில் சிறு அளவில் அதுவும் வருவதுண்டு. ஓய்விலும் குறையாத வலியும் எலும்பு முனையில் கெட்டியான வீக்கமும் இருந்தால் எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள்.

நகம் தரையில் உரசி முன்பக்கம் தேய்ந்திருக்கிறது, பின்பக்கம் குடிகாரன் நடை என்றால் அது நொண்டலே இல்லை. கழுத்துத் தண்டுவடத்தைப் பார்க்க வேண்டும். கிரேட் டேன், டாபர்மேன் வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

## 6. 'வளர்ச்சி வலி' என்று முடிவு கட்டும் முன்

நாய் வளர்ப்பவர்கள் 'பானோ' என்று சுருக்கிச் சொல்லும் பானோஸ்டைடிஸ் உண்மையான நோய்தான். நீள எலும்புகளின் உட்பகுதியில் அழற்சி. 5 முதல் 18 மாதம் வரை, ஜெர்மன் ஷெப்பர்டில் மிக அதிகம். அடிபடாமலே ஒரு கால் நொண்டும், சில நாளிலோ சில வாரத்திலோ சரியாகி வேறு காலுக்குத் தாவும். எலும்பின் நடுப்பகுதியை அழுத்தினால் வலிக்கும், மூட்டை மடக்கினால் வலிக்காது. இரண்டு வயதுக்குள் தானாக நின்றுவிடும்.

தானாக நிற்கும் நோய் என்பதாலேயே எல்லா நொண்டலுக்கும் இந்தப் பெயரைச் சூட்டிவிடுகிறோம். மூன்று கேள்வி கேளுங்கள். கால் மாறுகிறதா? வலி எலும்பின் நடுவில்தானா? ஒரே காலின் நொண்டல் இரண்டு வாரத்துக்குள் நின்றுவிடுகிறதா? ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் மூட்டுகளைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்றுக்கும் 'ஆம்' என்றாலும் கொஞ்சம் கவனம். ஒரே நாய்க்குப் பானோவும் முழங்கைக் கோளாறும் சேர்ந்தே இருக்கலாம்; இரண்டும் ஒரே வயதில், ஒரே இனங்களில் வருபவை. வலி தொடங்கிய முதல் சில நாட்களில் பானோ எக்ஸ்ரேயில் தெரியாது, எலும்புக்குள் வெண்மை படர நாளாகும். 'எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது' என்பதைக் கேட்டதும் தெளிவு கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

## 7. சாப்பாட்டுத் தட்டைச் சரிபாருங்கள்

வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை உள்ளே விடாமல் தடுத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு முழுதாக வந்திருக்காது. கொடுப்பதில் பெரும்பங்கு உடம்புக்குள் போய்விடும். அதிகக் கால்சியம் குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலையைக் குழப்பும். மேலே சொன்ன மூட்டுக் கோளாறுகள் சிலவற்றுக்கு அதுவே துணைபோகும். பெரிய இனக் குட்டிக்கான முழுமையான தீவனம் கொடுப்பவர் அதற்கு மேல் கால்சியம் பொடியோ டானிக்கோ கொடுக்கத் தேவையில்லை.

வீட்டில் சமைத்துக் கொடுப்பவர் நிலை நேர்மாறு. வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். எலும்பு மெலிந்து சாதாரணத் தாவலிலேயே மடங்கி முறியும். இங்கே டானிக்கை நிறுத்தினாலும் தப்பு, கண்ணளவில் ஊற்றினாலும் தப்பு. கால்சியமும் பாஸ்பரஸும் ஏறக்குறைய 1.2க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். அதைக் கால்நடை மருத்துவர் கணக்கிட்டுத் தரட்டும்.

குண்டுக் குட்டி அழகுதான், மூட்டுக்குக் கேடு. விலா எலும்புகளை அழுத்தாமல் தடவினாலே கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை தெரிய வேண்டும். 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை தொடர்ந்த ஓர் ஆய்வில், தன் ஜோடியைவிட 25 சதவீதம் குறைவாகத் தின்ற நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் தேய்வும் குறைவாகவும் தாமதமாகவும் வந்தன. ஆயுளும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடியது. மருந்துக் கடையில் இதற்கு ஈடான ஒன்றை நான் பார்த்ததில்லை.

## 8. ஓய்வு என்றால் உண்மையிலேயே ஓய்வு

லேசான நொண்டல், 1ஆம் படியில் சொன்ன எதுவும் இல்லை, பாதத்திலும் காயம் இல்லை என்றால் ஓரிரு நாள் முழு ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். முழு ஓய்வு என்றால் சின்ன அறை அல்லது கூண்டு. சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றோடு வெளியே. மாடிப்படி இல்லை, சோபாவில் ஏறுவது இல்லை, பந்து இல்லை, இன்னொரு நாயோடு மல்லுக்கட்டு இல்லை. "நாங்க வாக்கிங் மட்டும்தான் நிறுத்தினோம்" என்பவர்களின் நாய் வீட்டுக்குள் நாள் முழுக்க வழுக்குத் தரையில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஓய்வே ஒரு சோதனைதான். தசைப்பிடிப்பும் சுளுக்கும் குறைந்தால் குறைந்தபடியே இருக்கும். மூட்டு நோய் ஓய்வில் அடங்கி, ஓடவிட்ட அன்றைக்கே திரும்பி வரும். இரண்டு நாளில் குறையவில்லை என்றாலும், சரியாகி மறுபடி வந்தாலும் டாக்டரிடம் போங்கள். சரியானதும் ஒரே நாளில் அவிழ்த்துவிடாமல் ஒரு வாரமாவது கயிற்றோடு நடத்துங்கள்.

## 9. டாக்டரிடம் போகும்போது

வீடியோவை முதலில் காட்டுங்கள். மருத்துவமனை வாசலில் பயத்தில் நாய்க்கு வலியே மறந்து நன்றாக நடந்துவிடும், பல முறை பார்த்தாயிற்று. எந்தக் கால், எப்போது அதிகம், எந்த இடத்தைத் தொட்டால் இழுக்கிறது என்பதை இரண்டே வரியில் சொல்லுங்கள். உங்கள் ஊகத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் பேச்சு அதைச் சுற்றியே போகும்.

காலையில் சாப்பாடு கொடுக்கலாமா என்று முன்பே போனில் கேளுங்கள். நல்ல எக்ஸ்ரேவுக்கு மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். விறைத்துக்கொண்டு துள்ளும் நாயை அமுக்கிப் பிடித்து எடுத்த இடுப்புப் படம் கோணலாக வரும், அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

வலிக்கும் காலோடு மறு காலையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வளர்ச்சித் தட்டு படத்தில் முறிவு போலவே கருங்கோடாகத் தெரியும். மறு காலோடு ஒப்பிட்டால்தான் எது இயல்பு என்று புரியும். நோயே இரு பக்கமும் இருக்கலாம் என்பது கூடுதல் காரணம். முழங்கையில் சந்தேகம் இருந்து எக்ஸ்ரே சுத்தமாக வந்தால் சிடி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள், ஆரம்பப் பிளவு அதில்தான் தெளிவாகத் தெரியும். அது முடியாத இடத்தில், மூன்று நான்கு வாரம் கழித்து மறு எக்ஸ்ரேவுக்குத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. இடுப்புத் தளர்வைக் குறைக்க, இடுப்பெலும்பின் அடிப்பக்க வளர்ச்சியை நிறுத்தும் சிறு அறுவை சிகிச்சை ஏறக்குறைய 20 வாரத்துக்குள் செய்தால்தான் பலன். கிண்ணத்தைத் திருப்பி வைக்கும் பெரிய அறுவை சிகிச்சையும் தேய்வு தொடங்கும் முன்பே, பொதுவாக ஒரு வயதுக்குள் செய்யப்படுவது. "பெருசாகட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று விட்டால் மிஞ்சுவது வலியைச் சமாளிப்பதும் மூட்டையே மாற்றுவதும்தான். பெற்றோருக்கு இடுப்புக் கோளாறு இருந்ததாகத் தெரிந்தால், நொண்டும்வரை காத்திராமல் 16 வாரத்திலேயே இடுப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

## 10. காரணம் தெரிந்த பிறகு

வாரம் ஒரு நாள், அதே தரையில், அதே நேரத்தில், அதே மூன்று கோணத்தில் வீடியோ. கூடவே எடை, தொடைச் சுற்றளவு. தினமும் பார்க்கும் கண்ணுக்கு மெல்ல வரும் மாற்றம் தெரியாது. நான்கு வார வீடியோவை அடுத்தடுத்து ஓட்டினால் தெரியும். மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது எடுத்ததா, நிறுத்திய பிறகா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வழுக்கும் தரையில் நாய் நடக்கும் பாதைக்கு மட்டுமாவது விரிப்பு போடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டியைத் தினமும் படியேற விடாதீர்கள். 'ஒரு மாத வயதுக்கு ஐந்து நிமிட நடை' என்ற கணக்குக்குப் பின்னால் உறுதியான ஆய்வு எதுவும் இல்லை, அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். மென்மையான மண்ணிலோ புல்லிலோ தன் இஷ்டத்துக்கு ஓடி, களைத்தால் உட்காரும் குட்டிக்குப் பிரச்சினை குறைவு. சைக்கிளோடு ஓடவைப்பதும், பந்தை வீசி வீசித் திடீர்த் திருப்பம் போட வைப்பதும்தான் மூட்டைப் பதம் பார்க்கும். வலி அடங்கியபின் தசையை வளர்க்க நீச்சல் நல்லது, டாக்டர் சரி என்ற பிறகு.

கருத்தடை செய்யும் எண்ணம் இருந்தால் எந்த வயதில் என்று இதே டாக்டரிடம் கேளுங்கள். பல பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுவதாகத் தெரிகிறது. அந்த ஹார்மோன்கள்தான் வளர்ச்சித் தட்டுகளை மூடச் சொல்பவை.

இடுப்பிலோ முழங்கையிலோ பிறவிக் கோளாறு என்று உறுதியானால் அந்த நாயைக் குட்டி போட விடாதீர்கள். எக்ஸ்ரே நகலை, குட்டியை உங்களுக்குக் கொடுத்தவருக்கும் அனுப்பிவிடுங்கள். கூடப் பிறந்த குட்டிகளுக்கும் அதே வயதுதான். அவற்றை வளர்ப்பவர்களுக்குத் தகவல் போய்ச் சேர வேண்டும்.